பதினேழு படிகளுக்கு ஒரு பசை

வாருங்கள் அம்மிணி, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கைப்பிடியில் ஒரு பசை காய்ந்துகொண்டிருக்கிறது. இதில் உட்காருங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள். ஏறி வந்தீர்களே, படி எப்படி இருந்தது? ஒவ்வொரு படியின் ஓரத்திலும் அலுமினியப் பட்டி ஒட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? கால் வைத்தபோது ஏதாவது ஆடியதா? டக்கென்று ஒரு சத்தம்? ஒன்றும் இல்லையா? கவனித்துச் சொல்கிறீர்களா, கவனிக்காமல் சொல்கிறீர்களா? பரவாயில்லை, எல்லாரும் கவனிக்காமல்தான் ஏறுகிறார்கள்.

வீடு பார்க்க வந்திருக்கிறீர்கள், தெரியும். கேட்டில் தொங்கும் போர்டு வசந்தாமணி எழுதி மாட்டியது. என் மனைவி. கீழே பார்த்திருப்பீர்களே, அவள்தான். "மேல போய்ப் பாருங்க" என்று அனுப்பினாளா? சரிதான். பேச்சுவார்த்தை எல்லாம் என்னிடம் என்று அவளுக்குத் தெரியும். வாடகைக்கு விடப்போவது கீழ்வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன் என்கிறீர்கள், நீங்களும் அம்மாவும் மட்டும் என்கிறீர்கள், அளவாக இருக்கும்.

ஆனால் உடனே தர முடியாது. கீழ்வீட்டில் இப்போது வசந்தாமணி இருக்கிறாள். ஆடி மாதத்திலிருந்து இருக்கிறாள். இந்தப் படியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் மேலே வந்தால்தான் கீழே காலியாகும். என்றைக்கு வருவாள் என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், சண்டை ஒன்றும் இல்லை. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் எதிர்த்துப் பேசியதில்லை. இது முழுக்க முழுக்க ஒரு பசைப் பிரச்சினை.

நான் சென்னியப்பன். பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனை. நான் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, முத்திரை குத்தினால்தான் ஒரு பம்பு வாசலைத் தாண்டும். முதலாளியின் மச்சான் வந்து நின்றாலும் தாண்டாது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. இந்த வீட்டைக் கட்டும்போது செங்கல்லைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டித்தான் இறக்கினேன். லாரிக்காரன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

படிக்கு மட்டும் ஒரு பேச்சு வந்தது. டைல் போட்டவன் குப்புராஜ், "சார், படிக்குக் கோடு போட்ட டைல் தனியா வருதுங்க, அதைப் போட்டுக்கலாம், இந்த வழவழப்பு ஆகாது" என்றான். வசந்தாமணியும் அதையே சொன்னாள். இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அது சரியாகிவிடுமா? ஹாலுக்கு வாங்கிய அதே டைலைப் படிக்கும் போடச் சொன்னேன். பார்த்தீர்கள் அல்லவா, கண்ணாடி மாதிரி. சனிக்கிழமை சனிக்கிழமை நானே உட்கார்ந்து பாலிஷ் போட்டுத் துடைப்பேன், வேலைக்காரர்களை விடமாட்டேன். சாயங்காலம் விளக்கைப் போட்டால் பதினேழு படியிலும் பதினேழு டியூப்லைட் தெரியும். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். ஒருத்தர்கூட வேகமாக ஏறவில்லை, பார்த்துப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ரசித்து ரசித்து ஏறினார்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று வசந்தாமணி விழுந்தாள். ஒன்பதாவது படியிலிருந்து கீழ்ப்படி வரை. கையில் குடம் இருந்தது. நான் ஓடிவந்து பார்த்தேன். படிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு அம்மிணி. எது பழுதானாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏன் கேட்கும்போது மூலகாரணம் கையில் வந்து நிற்கும். சூட்டோடு சூடாகக் கேட்க வேண்டும், ஆறவிட்டால் ஆட்கள் கதையை மாற்றிவிடுவார்கள். அதனால் மேலே நின்றபடியே கேட்டேன்.

"ஏன் விழுந்தே?"

"வழுக்கிருச்சுங்க."

"ஏன் வழுக்குச்சு?"

"படி வழவழன்னு இருக்குதுங்க."

"நான் தினமும் இறங்கறேன், எனக்கு வழுக்கலையே. ஏன் உனக்கு மட்டும் வழுக்குது?"

"நீங்க உள்ளயும் ரப்பர் செருப்புப் போட்டுட்டு நடக்கறீங்க, நான் வெறுங்காலுங்க."

"ஏன் வெறுங்கால்ல வந்தே?"

அப்போது அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் இன்னும் தூக்காம நிக்கறீங்க?"

அந்த முறையில் பதில் சொல்கிறவர் கேள்வி கேட்கக் கூடாது. அதோடு அந்த விசாரணை அரைகுறையாக நின்றுபோனது. எனக்கு இன்றைக்கும் அது உறுத்தல்தான்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு ஆட்டோவில் கூட்டிவந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கியவள் படியை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு கீழ்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தாள். அப்போது கீழ்வீடு காலியாகத்தான் கிடந்தது. "படிக்குப் பட்டி கிட்டி போட்டு, காலு நிக்கற மாதிரி பண்ணிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன்." அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பத்து நாள் வேலை என்று நினைத்தேன். அவள் தலையணையைத் தூசி படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். அதோ உள்ளே இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி ஃபிலோமினா என்று ஒரு பெண் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாள். கொண்டையில் பேனா செருகியிருப்பாள், வாய் கொஞ்சம் அதிகம். பட்டியை அவளிடம்தான் வாங்கினேன். எல் மாதிரி மடித்த அலுமினியம், மேலே கோடு கோடாக இருக்கும், கால் பிடித்துக்கொள்ளும். "டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கிருங்க சார், அரை நாள் வேலை" என்றாள். நான் சிரித்தேன். டிரில் பட்டால் டைல் விரிந்துவிடும். பசைதான் போட வேண்டும். எந்தப் பசை என்பதுதான் ஆய்வு.

"எந்தப் பசையா இருந்தாலும் சரி சார், டைல் ஓரத்துல உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சுக்கங்க. வழவழப்புப் போயி சொரசொரன்னு ஆகணும். பாலிஷ் ஏதாச்சும் போடுவீங்களா? அப்படின்னா தின்னர் விட்டுத் துடைச்சுட்டுத் தேய்ங்க. இல்லீன்னா எதுவும் நிக்காது."

அம்மிணி, நீங்களே சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி டைலை வாங்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் குனிந்து பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். அதை உப்புத்தாளால் கீறச் சொல்கிறாள். "உங்க முகத்தை யாராவது உப்புத்தாள்ல தேய்ச்சாச் சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். அவள், "என் முகத்துல யாரும் ஏறி இறங்கறதில்லீங்க சார்" என்றாள். வாய் அதிகம் என்று சொன்னேனே.

நல்ல பசைக்குக் கீறல் தேவையில்லை. கீறினால்தான் ஒட்டுவேன் என்று சொல்கிற பசை என்ன பசை? அப்படி ஒரு பசை எங்கேயாவது இருக்கும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். படிக்கு ஒரு பசை. கீழ்ப்படியிலிருந்து வரிசையாக. ஒட்டி, காயவிட்டு, பிறகு நானே அந்தப் படியில் இருநூறு தடவை ஏறி இறங்குவேன். அதோ சுவரில் இருக்கிறதே, அதுதான் அட்டவணை. பசையின் பெயர், காய்ந்த நேரம், எத்தனையாவது மிதியில் கழன்றது, எல்லாம் இருக்கிறது. அட்டவணையைச் சுவரில் எதை வைத்து ஒட்டினேன் என்கிறீர்களா? சோற்றுப் பருக்கை.

முதல் படி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பதினொன்றாவது மிதியில் கழன்றது. இரண்டாவது படி, நொடியில் ஒட்டும் பசை. டைலில் ஒட்டியதைவிட என் கட்டைவிரலில் நன்றாக ஒட்டியது. மூன்றாவது படி சிலிக்கான். அது காய இருபத்து நான்கு மணி நேரம், மிதிக்கக் கூடாது. சரி, ஒன்று ஒன்றாகச் செய்தால் நாளாகிறதே என்று, அன்றைக்கு மூன்றாவது முதல் ஆறாவது வரை நான்கு படிக்கு நான்கு விதமான பசையைப் போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால் நான் மேலே நிற்கிறேன். நான்கு படியைத் தாண்டும் கால் எனக்கு இல்லை.

ஒரு நாள் முழுக்க மேலேயே இருந்தேன். வசந்தாமணி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். பசை காய்கிறது, வர முடியாது என்றேன். மேலிருந்து ஒரு கயிற்றை விடச் சொன்னாள். பிறகு ஒரு கூடையில் தூக்குப்போசியை வைத்து, இடது கையாலும் பல்லாலும் கயிற்றை முடிந்து, "இழுங்க" என்றாள். அருமையாகக் கட்டியிருந்தாள், ஒரு சொட்டு ரசம் சிந்தவில்லை. மூன்று வேளையும் அப்படித்தான். படியில் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல் சோதனை முடிந்தது. அவளுடைய ஒத்துழைப்பை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

சிலிக்கான் மறுநாள் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அடுத்து சிமெண்டு கலந்த டைல் பசை, அது அப்பளமாக உடைந்தது. ஆறாவது படியில் எபாக்சி, இரண்டு டியூபைக் கலந்து போடுவது. அது கல் மாதிரி இறுகியது. சந்தோஷப்பட்டேன். தொண்ணூற்று நான்காவது மிதியில் முழுசாக, ஒரே துண்டாகக் கழன்று கையில் வந்தது. அட்டவணையைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு. பட்டிப் பக்கம் நூற்றுக்கு நூறு ஒட்டியிருக்கிறது. டைல் பக்கம் பூஜ்யம். ஒன்று இரண்டல்ல, எட்டு பசைக்கும் அப்படியே. இதிலிருந்து என்ன தெரிகிறது? எட்டு பசையும் மோசம் என்று தெரிகிறது. எட்டு கம்பெனியும் ஒரே மாதிரி ஏமாற்றுகிறது.

இந்த நேரத்தில் ஃபிலோமினா கீழே வந்து போக ஆரம்பித்தாள். கட்டுப் போட்ட கையோடு வசந்தாமணிக்குத் தலை பின்ன முடியாது. நான் பின்னிவிடலாம்தான், அப்போது ஏழாவது படி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து தலை பின்னிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போவாள். கட்டுப் பிரித்த பிறகும் வருவது நிற்கவில்லை. கேரம் போர்டு ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள். கைக்குப் பயிற்சியாம். ஒரு நாள் நான் எட்டாவது படியில் நூற்று நாற்பதாவது தடவை ஏறிக்கொண்டிருக்கிறேன். கீழே ஜன்னலில் அவள் குரல் கேட்கிறது.

"ஏனுங்க்கா, சார் ஏறறாரா, இறங்கறாரா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்கம்மா" என்கிறாள் வசந்தாமணி.

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். வசந்தாமணி இப்படிச் சிரிக்கிற ஆளே இல்லை அம்மிணி. மேலே இருந்தவரை ஒரு சத்தம் கேட்டதில்லை. எலும்புக்கு டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அது சிலருக்கு இப்படிச் செய்யும் போலிருக்கிறது. அடுத்த தடவை கேட்க வேண்டும்.

ஐப்பசிக் கடைசியில் சென்னையில் கட்டுமானப் பொருள் கண்காட்சி வந்தது. வெளிநாட்டுப் பசையெல்லாம் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். போய்வரட்டுமா என்று வசந்தாமணியிடம் கேட்டேன். "எத்தனை நாளுங்க?" என்றாள். மூன்று நாள் என்றேன். "மூணு நாள் பத்துமுங்களா?" என்றாள். எவ்வளவு அக்கறை பாருங்கள். போகும்போது வழிக்குப் புளிசாதம், மாத்திரை, இரண்டு போர்வை, ஒரு ஸ்வெட்டர். சென்னைக்கு ஸ்வெட்டர். பயணம் நீண்டால் இருக்கட்டும் என்றாள்.

மூன்று நாள் நடந்து நடந்து, பதினான்கு வகைப் பசை வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறேன். கார்த்திகை முதல் வாரம். கேட்டைத் திறந்தால் பதினேழு படியிலும் பட்டி. ஒரே நேர்கோடு. குப்புராஜ் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

"எவன்டா செஞ்சது இதை?"

"நாந்தானுங் சார். அம்மா சொன்னாங்க, செஞ்சேனுங்க. நேத்துக் காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு ஒண்ணரைக்கெல்லாம் முடிஞ்சுதுங்க."

"என்ன பசை?"

"அந்த ரெண்டு டியூப்பு எபாக்சிதானுங்க. நீங்க ஆறாவது படிக்குப் போட்டீங்களே, அதே."

"அது தோத்துப்போன பசைடா! அட்டவணையிலயே இருக்குது!"

"அதென்னமோ தெரியலீங் சார். தின்னர் விட்டுத் துடைச்சு, பட்டி உக்கார்ற இடத்துல மட்டும் உப்புத்தாள்ல நல்லா நாலு தேய்ப்புத் தேய்ச்சேனுங்க. பட்டிக்கு அடியிலயும் தேய்ச்சேன். ஒட்டி, மேல செங்கல் வெச்சு, ஒரு நாள் விட்டோமுங்க. இப்ப ஆனை ஏறினாலும் அசையாதுங்க."

என் டைலைக் கீறிவிட்டான் அம்மிணி. பதினேழு படியிலும். கண்ணுக்குத் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். தெரியாது. கீறல் முழுக்கப் பட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. ஃபிலோமினாவும் அதைத்தான் சொன்னாள், "வெளிய தெரியாத எடத்துல கீறினதுக்கு ஏன் சார் இப்படிக் குதிக்கறீங்க?" என்று. வெளியே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே.

நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஒவ்வொரு பட்டியையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் வளைந்தது. முடிவு சரியாக இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. முறை தப்பு. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு வேலை சரியாக அமைந்துவிட்டால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? கம்பெனியில் இதற்கு 'நிபந்தனையோடு ஏற்கப்பட்டது' என்று ஒரு முத்திரை உண்டு. மனசுக்குள் அதைக் குத்திவிட்டு, ஏழாம் நாள் கீழே போனேன்.

"வசந்தா, பட்டி நிக்குது. மேல வந்துரு" என்றேன்.

அவள் கேரம் காய்க்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். "இருக்கட்டுங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

எனக்கு அப்படியே மெய்சிலிர்த்துப் போனது. முப்பத்திரண்டு வருடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எதையும் அவசரப்பட்டு நம்பாதே, பொறுத்துப் பார், சோதித்துப் பார் என்று. கடைசியில் ஏறிவிட்டது பாருங்கள் தலையில். பசை வெளியே காய்ந்திருக்கும், உள்ளே காய நாளாகும். அதை அவளே யோசித்திருக்கிறாள். பதினைந்தாம் நாள் கேட்டேன். "என்னங்க அவசரம்?" என்றாள். முப்பதாம் நாள் கேட்டேன். "மார்கழி முடியட்டுமுங்க" என்றாள். குளிர்காலத்தில் பசை மெதுவாகத்தான் இறுகும். இதுகூடத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

இப்போது நாற்பத்தொன்பது நாள் ஆகிறது. நான் வேளாவேளைக்குக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கிறாள் எனக்கு, காற்றோட்டமாக இருக்கும். உள்ளே கேரம் போர்டு இடத்தை அடைத்துக்கொண்டது. ராத்திரி இங்கே டிவி பார்த்தால் கீழேயும் டிவி ஓடுவது கேட்கும். வேறு சேனல். நான் என்னுடையதை நிறுத்திவிட்டு அதைக் கொஞ்ச நேரம் கேட்பேன். படம் தெரியாது, வெறும் வசனம்தான். இந்த இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு ஆள் என்ன செய்வது, சொல்லுங்கள். சத்தம் போட்டால் எதிரொலிக்கிறது. அவள் மேலே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தை பிறந்ததும் வந்துவிடுவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

என்ன கேட்டீர்கள்? இந்தச் சமையலறையில் தண்ணீர் எப்படி வருகிறது என்றா? நன்றாக வருகிறது. அது எதற்கு உங்களுக்கு? உங்களுக்குக் கீழே. பீரோ வைக்க இந்த அறையில் இடம் இருக்குமா என்று கேட்கிறீர்கள். இருக்கும், ஆனால் அது என் அறை அம்மிணி. உங்கள் குழப்பம் புரிகிறது. படியேறி வந்ததில் திசை மாறியிருக்கும்.

இருங்கள். ஒரு நிமிடம் பேசாதீர்கள். காலடிச் சத்தம். கேட்கிறதா? இது ஃபிலோமினா இல்லை, அவள் தொம்தொம்மென்று வருவாள். குப்புராஜ் இல்லை. வெறுங்கால். வெறுங்கால் அம்மிணி! வருகிறாள். நான் சொன்னேன் அல்லவா, வருவாள் என்று சொன்னேன் அல்லவா. ஐந்து, ஆறு. ஆறாவது படி தாண்டிவிட்டாள். சுவரைப் பிடிக்கவில்லை பாருங்கள். ஒன்பது. ஒன்பதிலும் நிற்கவில்லை.

வா வசந்தா. வா, வா. பார்த்து.

"ஏனுங்க அம்மிணி, வீட்டைப் பாத்தீங்களா? சமையக்கட்டைக் காட்டினாருங்களா, இல்ல உக்கார வெச்சுப் பசைக் கதையா?"

வசந்தா, பட்டி எப்படி இருந்தது? எங்கேயாவது ஆடியதா? முதல் தடவை ஏறி வந்திருக்கிறாயே.

"எந்தப் பட்டிங்க? இருங்க, மொதல்ல இவங்களுக்கு வீட்டைக் காட்டறேன். இங்க பாருங்கம்மிணி, இந்த ஜன்னலைத் திறந்தா நல்லாக் காத்து வரும். இவரு தூசுன்னு திறக்கறதில்லை. பீரோவை இந்தச் சுவத்தோரம் போட்டுக்கலாம். தை ஒண்ணு ரெண்டு தேதிக்குள்ள பால் காச்சிக்கங்க. நாலு நாள்ல இவரு சாமானைக் கீழ எறக்கிருவோம்."

என் சாமானையா?

"ஆமாங்க. மேல் வீட்டை இவங்களுக்கு விட்டாச்சு. ரெண்டு பேருக்குக் கீழ் வீடே தாராளம். முன் ரூமுல உங்களுக்குக் கட்டில் போட்டாச்சு. பசை டப்பா மட்டும் ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது."

வசந்தா, நீ மேலே வரத்தானே இத்தனையும் செய்தேன். பட்டி நிற்குமா நிற்காதா என்றுதானே நீ இத்தனை நாள் ஏறவில்லை?

"யாரு ஏறலைன்னாங்க? குப்புராஜ் ஒட்டிட்டுப் போன மூணாவது நாள்ல இருந்து தினமும் மொட்டை மாடிக்குப் போயி துணி காயப் போட்டுட்டுத்தானே வரேன். உங்க துணியும் சேர்த்துத்தான். மத்தியானம் நீங்க படுத்திருப்பீங்க. அம்மிணி, வாங்க, குழாயைத் திறந்து காட்டறேன். அப்புறம் கீழ வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

போங்கள் அம்மிணி, போய்ப் பாருங்கள். தண்ணீர் நன்றாகத்தான் வரும். ஒரு நிமிடம். நீங்கள் கணக்கு வாத்தியார், சரியாகச் சொல்லுங்கள். நாற்பத்தொன்பதில் இரண்டு போனால் நாற்பத்தேழு நாள். தினமும் ஏறி இறங்கியிருக்கிறாள், ஈரத் துணி வாளியோடு. மொட்டை மாடிக்குப் போக இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுப்பேன். எனக்குத் தூக்கம் லேசு அம்மிணி, ஒரு பட்டி ஆடியிருந்தாலும் சத்தம் கேட்டு எழுந்திருப்பேன். ஒன்றுகூட ஆடவில்லை.